மூன்று மூட்டை ஓடு எடுத்துப்போன ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பேராசிரியர் அவர்களுக்கும் அவருடைய லேப்பில் இருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

மலேசியாவில் ஜொகூரில், குளுவாங்குக்கும் ரெங்கத்துக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்துப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும், பெயர்தான் மறந்திருக்கும். போன ஆகஸ்டில் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து தண்ணீரில் உள்ள அழுக்கை உறிஞ்சும் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) செய்வதற்காக எங்கள் செம்பனை ஆலையில் மூன்று மூட்டை கொட்டை ஓடு எடுத்துக்கொண்டு போனீர்களே, அன்றைக்கு மூட்டைக்கு வாய் கட்டிக் கொடுத்து, கேண்டீனில் உட்காரவைத்துத் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) வாங்கிக் கொடுத்த லேப் ஆள் நான்தான். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எங்கள் ஆலையின் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

தமிழில் எழுதக் காரணம், உங்கள் குழுவில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை கெடாவில் தமிழ்ப்பள்ளியில் படித்ததாகச் சொன்னது. பேராசிரியருக்கு அவர்கள் வாசித்துச் சொல்லிவிடுவார்கள். இதையே நான் மலாயில் எழுதினால் அரசாங்க இலாகாவுக்கு எழுதும் கடிதம் மாதிரி ஆகிவிடும், 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் ஓடி ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும்.

அன்றிலிருந்து உங்கள் குழுவின் செய்திகளை விடாமல் பார்த்து வருகிறேன். யார் புதிதாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார், எந்தத் தம்பியின் கட்டுரை ஏற்கப்பட்டது, புதிய குழாய் உலை வந்து இறங்கியது, வெளிநாட்டு விருந்தினர் வந்து போனது, யாருக்கோ பிரியாவிடை என்று பிரியாணி சாப்பிட்டது, எல்லாம் தெரியும். கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியதும் தெரியும். (பதக்கம் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பல்கலைக்கழகச் செய்தியை எடுத்தாலும் கண்காட்சிக்குப் போன குழு வெறுங்கையோடு திரும்பியதாக நான் பார்த்ததே இல்லை. சரி, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும்.) எங்கள் ஓட்டிலிருந்து செய்த கரி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் படமாக வந்த அன்றைக்கு, அந்தப் படத்தை ஷிப்ட்டில் இருந்த எல்லாருக்கும் காட்டினேன். பாயிலர்காரர் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, மூன்று மூட்டை கொடுத்தோமே" என்றார்.

இப்போது மூட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

ஓடு என்றால் எல்லாம் ஒரே ஓடு இல்லை. கொட்டையை உடைத்த பிறகு வரும் கலவையில் லேசான ஓடு முதலில் காற்றிலேயே பிரிந்து தனியாகப் போய்விடும். அது காய்ந்த சரக்கு, மூட்டையைத் தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். மிச்சம் களிமண் தொட்டிக்குப் போகும். கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கரைத்த தண்ணீரில் பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும், அப்படிப் பிரிப்பது. அந்தத் தொட்டியிலிருந்து வரும் ஓட்டைக் கையில் அள்ளினால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஒட்டும், வெயிலில் காய்ந்த பிறகு பார்த்தால் திருநீறு பூசின மாதிரி இருக்கும். அன்றைக்கு "எல்லா வகையிலும் கொஞ்சம் வேண்டும்" என்று நீங்கள் கேட்டதால் இரண்டு மூட்டையில் காய்ந்த ஓட்டையும் ஒரு மூட்டையில் தொட்டி ஓட்டையும் போட்டேன். மாறிப்போகக் கூடாது என்று மூட்டை மேலேயே மார்க்கர் பேனாவால் 'காய்', 'தொட்டி' என்று எழுதினேன். தமிழில் எழுதினேன். அது என் தப்பு, கை பழக்கத்தில் வந்துவிட்டது, அந்தக் கெடாப் பிள்ளைதான் இறக்கி வைக்கும் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் உங்கள் புதிய உலையின் படம் வந்தது. பின்னால் மூலையில் மூன்று மூட்டையும் நிற்கின்றன, என் எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. நவம்பரில் ஒரு தம்பி மாநாட்டில் சுவரொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் படம். கைபேசியில் பெரிதாக்கிப் படித்தேன். மூன்றில் ஒரு தொகுதியில் மட்டும் கரித்துளைகளின் பரப்பளவு விழுந்துவிட்டதாம், காரணம் இன்னும் ஆராயப்படுகிறதாம். அது என் தொட்டி மூட்டையாக இருக்குமோ என்று எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அமிலத்தில் கழுவிவிட்டுத்தான் உலையில் வைத்தோம் என்று அதிலேயே எழுதியிருந்தது. சில ஆலைகளில் கயோலினுக்குப் பதிலாகக் கால்சியம் கார்பனேட் போடுவார்கள், அதுவாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைத்துக் கரைந்து போயிருக்கும். கயோலின் அப்படிக் கரையாது. ஓட்டோடு உலைக்குள் போகும், கரியோடு வெளியே வரும், தராசிலும் ஏறி உட்காரும். ஒரு கிராம் கரி என்று நீங்கள் நிறுத்த இடத்தில் கொஞ்சம் மண்ணும் இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், அந்தத் தொகுதியில் ஒரு கிராமைக் குரூசிபிளில் போட்டு முழுக்க எரித்து மிச்சச் சாம்பலை நிறுத்துப் பாருங்கள், மற்ற இரண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தம்பி மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் ஒரு போனில் முடிந்திருக்கும். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

ஆலை லேப்பில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைத்ததாக நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நானும் இருபத்தாறு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகத்தான் பிழைக்கிறேன். எண்ணெய் மாதிரியை எடுத்து, ஐசோபுரோபனாலில் கரைத்து, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடைத் திறந்துவிட்டு, ரோஸ் நிறம் நிற்கும் இடத்தில் மூடி, 25.6 என்ற மாறிலியை வைத்துக் கணக்குப் போட்டால் எஃப்.எஃப்.ஏ., அதாவது எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம், எவ்வளவு என்று வரும். 5 சதவீதத்தைத் தாண்டினால் மேனேஜர் போனில் வந்துவிடுவார். செம்பனை எண்ணெய் தானே செக்கச் சிவந்த சரக்கு, அந்தச் சிவப்புக்குள் ரோஸ் நிறம் எப்போது வந்து உட்காருகிறது என்று கண்டுபிடிப்பது புத்தகத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது. புதிதாக வரும் பையன்கள் ஒரு மாதம் வரைக்கும் தாண்டித்தான் விடுவார்கள்.

2025 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிதாகவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூன்று பேருக்கும் போனபோது நீங்கள் ஒரு பெரிய வாழ்த்துச் செய்தி போட்டிருந்தீர்கள், உலோகமும் கரிமச் சேர்மமும் சேர்ந்த துளைக் கூடுகள், நம் துறைக்குக் கிடைத்த பெருமை என்று. நானும் அதைத் தேடிப் படித்தேன். எனக்குப் பிடித்தது ராப்சன் கதை. 1974-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு அணு மாதிரிகள் செய்வதற்காக மரப் பந்துகளில் துளை போடச் சொல்லி அங்கிருந்த பட்டறைக்குக் கொடுத்திருக்கிறார். எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் துளை போட வேண்டும் என்று குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பந்துகள் திரும்பி வந்ததும் கோத்துப் பார்க்கிறார், துளை இருக்கும் இடமே கூட்டின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அங்கேதான் பொறி தட்டியிருக்கிறது. அது கட்டுரையாக வர 1989 ஆகிவிட்டது. துளை போட்ட பட்டறைக்காரர் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் தப்பான இடத்தில் துளை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு ஷிப்ட் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பரப்பளவு. அதை என் அக்கா மகளிடம் சொல்லிப் பார்த்தேன், படிவம் ஐந்து, கெமிஸ்திரி என்றால் முகத்தைச் சுளிப்பாள். நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராம் எடுத்தால் உள்ளே இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் வரும், அதாவது பன்னிரண்டு பேட்மிண்டன் கோர்ட். கையில் ஒரு சிட்டிகை, அதற்குள் பன்னிரண்டு கோர்ட். அவள் தராசு மாதிரி என்னைப் பார்த்தாள். எப்படி அளந்தார்கள் என்று கேட்டாள். நைட்ரஜனைத் திரவமாகும் அளவுக்குக் குளிர வைத்து, அது துளைச் சுவரில் எவ்வளவு ஒட்டுகிறது என்று எண்ணுவது, 1938-இல் புருனவர், எம்மெட், டெல்லர் என்று மூன்று பேர் போட்ட கணக்கு, அதில் டெல்லர் பிறகு ஹைட்ரஜன் குண்டு செய்யப் போய்விட்டார் என்றேன். குண்டு என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில்தான் உங்களிடம் எனக்கு வழக்கு. பன்னிரண்டு கோர்ட்டைக் கட்டிவிட்டு நீங்கள் அதில் என்ன விளையாடுகிறீர்கள் என்று பார்த்தால், மெத்திலீன் ப்ளூ. புட்டியில் வாங்கிய நீலச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, கரியைப் போட்டுக் குலுக்கி, நீலம் மறைந்ததும் படம். இடது பக்கம் நீலம், வலது பக்கம் தெளிந்த தண்ணீர். படத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது. பத்து பகாட் ஊரில் துணி ஆலை வைத்திருப்பவர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வாய்க்காலில் மெத்திலீன் ப்ளூ ஓடவில்லை.

எங்களிடம் ஓடுவது என்ன என்று நீங்களே பார்த்தீர்கள், அதன் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்தினீர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். மணிக்கு 60 டன் குலை போடும் ஆலையில் ஏறக்குறைய 40 டன் கழிவுநீர் வரும். வரும்போது கொதிக்கக் கொதிக்க, பழுப்பாக, புளித்து, பி.ஓ.டி., அதாவது அதில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும். அதைக் குளம் குளமாக இறக்கி, கிருமிகள் தின்று, கடைசிக் குளத்தில் சட்டப்படி 100-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறோம், அந்தக் கணக்கும் என் நோட்டில் இருக்கிறது. ஆனால் பி.ஓ.டி. இறங்கினாலும் நிறம் இறங்குவதில்லை. கடைசிக் குளத்துத் தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்து வைத்தால் பால் ஊற்றாத தே மாதிரியேதான் இருக்கும். கிருமிகள் தின்ன மாட்டேன் என்று தள்ளிவைத்த லிக்னின், டானின் என்ற செடிப் பொருட்கள் அதில் மிச்சம் இருக்கின்றன. கீழே வாய்க்காலில் மீன் பிடிக்கும் கிழவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்கிறார்கள், "தம்பி, டெஸ்ட் பாஸ் என்கிறாய், அப்புறம் ஏன் இப்படி இருக்கிறது?" அவர்களிடம் நான் பி.ஓ.டி. பேச முடியுமா?

அந்த நிறத்தை உங்கள் கரி பிடிக்குமா? பிடிக்காது என்று நான் பயப்படுகிறேன், காரணமும் சொல்கிறேன். மெத்திலீன் ப்ளூ சின்ன மூலக்கூறு, எந்தச் சந்திலும் நுழையும். நைட்ரஜன் அதைவிடச் சின்னது. லிக்னின் துண்டுகள் அப்படி இல்லை. மோட்டார் சைக்கிள் போகும் சந்தில் குலை லாரி போகாது. ஆகவே ஆயிரம் சதுர மீட்டர் என்று நீங்கள் சொல்லும் கணக்கில் முக்கால்வாசி எங்கள் தண்ணீருக்குப் பூட்டின கதவாகத்தான் இருக்கும், துளையைக் கொஞ்சம் அகலமாக்கினால் பரப்பளவு குறையும், கட்டுரையில் எண் அழகாக இருக்காது, பதக்கம் வெள்ளி ஆகிவிடும். ஆனால் கிளாஸில் தண்ணீர் தெளியும். என்னைக் கேட்டால் நான் தெளிந்த தண்ணீரைத்தான் எடுப்பேன்.

இன்னொன்றும் யோசித்தேன். பயன்படுத்தின கரியை என்ன செய்வது என்று எந்தக் கட்டுரையிலும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. எங்களிடம் பாயிலர் இருக்கிறது. நாரும் ஓடும் போட்டு எரிக்கிறோம், அந்த ஆவியில்தான் ஆலையே ஓடுகிறது. நிறத்தைப் பிடித்துக் களைத்த கரியைக் காயவைத்து அதிலேயே போடலாமா? உலோகம் பிடித்த கரியை அப்படி எரிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், இது செடியிலிருந்து வந்த நிறம்தானே. பாயிலர்காரருக்கு ஆட்சேபணை இல்லை, கேட்டுவிட்டேன்.

'கழிவிலிருந்து செல்வம்' என்று தலைப்புப் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்தால் நல்லது. ஓடு கழிவு இல்லை ஐயா. ஜப்பானுக்குக் கப்பலில் போகிறது, அங்கே மின்சார நிலையத்தில் எரிக்கிறார்கள், அதற்காக இங்கே லாரிகள் காத்து நிற்கின்றன. நார் பாயிலருக்கு. வெறுங்குலை தோட்டத்துக்கே திரும்பிப்போய் மரத்தடியில் பரப்பப்பட்டுப் பொட்டாசியத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. யாருக்கும் வேண்டாதது என்று நாங்கள் வைத்திருப்பது அந்தக் கடைசிக் குளம் ஒன்றுதான், நீங்கள் அதை மட்டும் விட்டுவிட்டுப் போனீர்கள்.

ஆராய்ச்சி என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. என் அம்மா எழுபதுகளில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊதும் வேலை செய்தவர். முகப்பவுடர் மாதிரி டால்க்கில் மகரந்தத்தைக் கலந்து, பெண்பூ பூத்திருக்கும் மரமாகத் தேடிப்போய், முள்ளுக்குள் குழாயை விட்டு ஊதிக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும், நாங்கள் சிரிப்போம். அப்புறம் கேமரூனிலிருந்து ஒரு வண்டு வந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர், ஆப்பிரிக்காவில் இந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று இல்லை வண்டுதான் என்று கண்டுபிடித்து, 1981-இல் அதைக் கொண்டுவந்து குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் முதலில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் மகரந்தம் ஊதும் வேலையே இல்லாமல் போய்விட்டது. குலை பெருத்தது, தோட்டத்துக்கு நல்ல லாபம். அம்மாவை மருந்தடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் பம்பு, அதில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி, கையில் கிழிந்த உறை. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் பாராகுவாட்டுக்குத் தடை, ஆனால் அதற்குள் அம்மாவின் கைநகங்கள் பல தடவை கழன்று முளைத்துவிட்டன. வண்டைக் குறை சொல்லவில்லை, அது தன் வேலையைச் செய்தது. வரப்போகிறது என்று யாராவது பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) வந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் என்ன கேட்டிருப்பார்களோ என்றுதான் எனக்கு.

ஜொகூரில் 'கெமிக்கல்' என்ற வார்த்தை எப்படிக் காதில் விழும் என்றும் யோசித்துப் பாருங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி, பிள்ளைகள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போய், 111 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதே வருஷம் சிம்பாங் ரெங்கம் பக்கம் அம்மோனியா கலந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோய் வாளியோடு வரிசையில் நின்றோம். என் அக்கா மகள் முகம் சுளிப்பது பாடப் புத்தகத்தால் மட்டும் இல்லை.

அதனால் கேட்கிறேன். ஒரு சனிக்கிழமை வாருங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குத் தலைமையாசிரியை சரி என்று சொல்லிவிட்டார், மின்விசிறி இரண்டுதான் ஓடும். படக்காட்சி, திரை எதுவும் வேண்டாம். அந்தக் கெடாப் பிள்ளை தமிழில் பேசட்டும், மற்றவர்கள் மலாயில் பேசட்டும், எல்லாருக்கும் புரியும். மேஜை மேல் இரண்டு கிளாஸ். ஒன்றில் கடைசிக் குளத்துத் தண்ணீர் அப்படியே, இன்னொன்றில் அதே தண்ணீரில் உங்கள் கரி. குலுக்குங்கள், வடிகட்டுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். தெளிந்தால் சரி. தெளியவில்லை என்றால் தெளியவில்லை என்று சொல்லுங்கள், அதையும் உங்கள் செய்தியில் பதக்கத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கிழவர்களுக்குப் படிவம் ஐந்து பாடம் தெரியாது, ஆனால் யார் மழுப்புகிறார்கள் என்று நன்றாகத் தெரியும்.

தண்ணீர் எடுக்க மேனேஜரிடம் பேசினேன். முதலில் சிரித்தார், அப்புறம் "எழுத்தில் கேட்கச் சொல்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை, எங்கள் ஆலையில் அது பாதிச் சம்மதம். ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள், எதற்கு, எத்தனை லிட்டர், எந்த நாள் என்று மட்டும்.

இப்போது வரத்துக் குறைந்த காலம், லேப்பில் எனக்கும் நேரம் இருக்கிறது. ஓடும் புதிதாக எடுத்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை நான்கு மூட்டை. காய்ந்த ஓட்டுக்குச் சிவப்புக் கயிறு, தொட்டி ஓட்டுக்கு நீலக் கயிறு, எழுத்தைத் திருப்பி வைத்தாலும் கயிறு தெரியும். லேப் பின்கதவு ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் இருக்க மாட்டேன், சனி என்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், பசியாறிவிட்டே போகலாம்.

இப்படிக்கு,
ஆலை லேப் ஆள், மூட்டையில் தமிழில் எழுதினவர்